ரெண்டு கிலோ லென்ஸ் யாருக்கு?

ரிட்டையர் ஆன பிறகு கேமரா பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். ராஜபாளையத்தில் கண்மாய்க்கரையில் காலை நடை போகிறவர்களில் இரண்டு மூன்று பேர் கழுத்திலாவது கேமரா தொங்குகிறது. கேமராவோடு பெட்டியில் வந்த 18-55 லென்ஸை வைத்து முதல் ஆறு மாதம் ஓடிவிடும். பேரன், பேத்தி, வாசல் கோலம், கல்யாண வீட்டுப் பந்தி. அப்புறம் ஒரு நாள் கண்மாயில் நிற்கும் கொக்கை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், தண்ணீருக்கு நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று தெரியும். அன்றைக்கு ஆரம்பிப்பதுதான் ஜூம் லென்ஸ் ஆசை.

ஆசையில் தவறே இல்லை. ஆனால் கடைக்குப் போனாலும், விவரம் தெரிந்த இளைஞர்களைக் கேட்டாலும், பெரும்பாலும் ஒரே பதில்தான். "அண்ணாச்சி, எடுத்தா 150-600 எடுத்திருங்க. அப்புறம் பத்தலேன்னு வருத்தப்படக் கூடாது." என் அபிப்பிராயம் நேர்மாறானது. நம் வயதுக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு 55-250 அல்லது 70-300 போதும். போதும் என்பது மட்டுமல்ல, அதுதான் நல்லது. காரணங்களைச் சொல்கிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்.

அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்குவதென்றால்கூட முதலில் தேவையை எழுத வேண்டும். எதற்கு, எத்தனை, யார் உபயோகத்துக்கு என்று குறிப்பு வைத்த பிறகுதான் விலைப்புள்ளி கேட்பது, ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது எல்லாம். லென்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் ஆரம்பிக்கிறார்கள். நிக்கானா கேனனா, டாம்ரானா சிக்மாவா என்று ஒரு மாதம் விவாதம். எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்ற முதல் கலம் காலியாகவே இருக்கிறது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் கேமரா லென்ஸுக்கு ஒப்ஜெக்டிஃப் என்று பெயர். குறிக்கோளுக்கும் அதே சொல்தான். குறிக்கோள் இல்லாமல் லென்ஸ் கிடையாது என்று அந்த மொழியே சொல்லிவிடுவதாக எனக்குத் தோன்றும்.

இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஜூம் என்றால் குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டுமே அர்த்தம். நம்மிடம் இருக்கும் 18-55 கூட ஜூம்தான். டெலி என்பது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது. டெலி லென்ஸ் பழைய சமாசாரம். 1891லேயே இங்கிலாந்தில் ஒருவரும் ஜெர்மனியில் இருவரும் தனித்தனியாக வடிவமைத்துவிட்டார்கள். ஜூம் பிறகு வந்தது. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959ல் வந்த வோக்ட்லாண்டர் ஜூமார். அதுவும் 36-82தான். அந்தக் காலகட்டத்திலேயே பிரான்சின் பியர் ஆஞ்செனியூ சினிமா கேமராவுக்குப் பத்து மடங்கு ஜூம் செய்து காட்டினார். அதற்காக 1964ல் அவருக்கு ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அன்றைக்கு ஸ்டூடியோக்களால்தான் வாங்க முடிந்த வசதி இன்றைக்குப் பென்ஷன்காரர் கைக்கு எட்டுகிறது. அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள்.

இனி கணக்கு. நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் நிக்கான் டிஎக்ஸ் போன்ற கேமராக்களில் சென்சாரின் அகலம் சுமார் 24 மில்லிமீட்டர். 2400 என்ற எண்ணை லென்ஸின் எம்.எம். கணக்கால் வகுத்தால், 100 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். 55க்கு 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 200க்கு 12. 300க்கு 8. 600க்கு 4. கேனனில் சென்சார் சற்றுச் சிறியது, இன்னும் கொஞ்சம் குறுகும். கணக்கின் போக்கு அதேதான்.

இந்த எண்களைப் பாருங்கள். 55லிருந்து 300க்குப் போனால் ஐந்து மடங்குக்கு மேல் லாபம். 300லிருந்து 600க்குப் போனால் இரண்டே மடங்கு. முதல் லாபத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸ் லென்ஸ் சுமார் 415 கிராம். கேனன் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். அரைக் கிலோ கத்தரிக்காயை விடக் குறைவு. இரண்டாவது லாபத்துக்கு? டாம்ரான், சிக்மா 150-600 இரண்டுமே இரண்டு கிலோவை ஒட்டி வரும். நிக்கான் 200-500 எடுத்தால் 2.3 கிலோ. விலையும் பல மடங்கு ஏறி, லட்சத்தைத் தொட்டுப் பார்க்கும். கேமராவின் எடை தனி.

கடைக்காரர் கையில் கொடுக்கும்போது அந்த எடை தெரியாது. ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் கனமில்லையே" என்போம். வீட்டில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இரண்டரைக் கிலோ அரிசியைப் பையில் கட்டி, இரண்டு கையாலும் கண்மட்டத்துக்குத் தூக்கி மூன்று நிமிஷம் வைத்திருங்கள். மரத்தில் இருக்கும் பறவை தலையைத் திருப்பும் வரை நாம் காத்திருக்கும் நேரம் அதற்குக் குறையாது. கை நடுங்க ஆரம்பித்தால், அந்த லென்ஸ் உங்களோடு காட்டுக்கு வராது, பீரோவுக்குள்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆசையாக அனுப்பி, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உறங்கும் பெரிய லென்ஸ்கள் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

"ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்பார்கள். நிக்கானில் வி.ஆர்., கேனனில் ஐ.எஸ்., சிக்மாவில் ஓ.எஸ்., டாம்ரானில் வி.சி. பெயர் நாலு, வேலை ஒன்று. அது அவசியம் வேண்டும். அது இல்லாத பழைய டெலி லென்ஸை விலை மலிவு என்று வாங்காதீர்கள். ஆனால் அது அடக்குவது நம் கையின் ஆட்டத்தை மட்டும்தான். எதிரே அணில் தாவினால் அதை நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

வெளிச்சம் என்றதும் எங்கள் ஊர்களின் பூகோளம் உள்ளே வருகிறது. மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. காலை வெயில் நேராக மலை முகத்தில் விழும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால், ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கம் நாலரை மணிக்கு மேல் மரத்தடியில் நின்று 600ல், எஃப் 6.3ல் படம் எடுக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓவைக் கன்னாபின்னாவென்று ஏற்ற வேண்டும். படம் ரவை உப்புமா மாதிரி ஆகிவிடும். ஆகவே எந்த லென்ஸ் வாங்கினாலும் எங்கள் பக்கத்து மலைக்கு நேரம் காலைதான். வெயில் ஏறிய பிறகு இன்னொரு தொந்தரவு. கண்மாய்க்கரையிலும் காய்ந்த வயலிலும் கானல் எழும். நூறு, நூற்றைம்பது மீட்டர் காற்றைத் தாண்டிப் பார்க்கும்போது கொக்கின் கழுத்தே நெளியும். லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்த நெளிவும் பெரிதாகும். லட்ச ரூபாய் லென்ஸும் காற்றைச் சுத்தம் செய்யாது.

சரி, இங்கே எடுக்க என்னதான் இருக்கிறது? முதலில் கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் பதினோரு நிலை, சுமார் 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரமா என்ற வழக்கு இன்றும் டீக்கடைகளில் நடக்கிறது. அந்த முத்திரை போட்ட காகிதத்திலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இதில் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. ஆனால் கோபுரத்தை நாம் தினம் பார்க்கிறோமே தவிர, மேல் நிலைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. நூறு மீட்டர் தள்ளி நின்று 300 எம்.எம்.மில் ஒவ்வொரு நிலையாக, காலை வெயிலில் கிழக்கு முகத்தையும் மாலை வெயிலில் மேற்கு முகத்தையும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் இத்தனை வருஷம் கீழே நின்று கும்பிட்டதன் பாதி விவரம் அப்போதுதான் தெரியும். இதற்கு 600 தேவையே இல்லை.

ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு நிலைமை இன்னும் சுலபம். கூட்டத்துக்குள் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு போவது நமக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவர் மண்டைக்கும் ஆபத்து. தெரிந்தவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து 100க்கும் 200க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் வடம் பிடிப்பவர்களின் முகம் முகமாகக் கிடைக்கும். தள்ளி நின்று டெலியில் எடுக்கும்போது தேரும் பின்னால் இருக்கும் கோபுரமும் ஒட்டி நிற்பது போலத் தெரியும். அந்த நெருக்கம் லென்ஸ் செய்யும் மாயம் அல்ல, நாம் நிற்கும் தூரத்தால் வருவது.

அடுத்தது ராஜபாளையம் நாய். 2005ல் தபால்தலையிலேயே ஏறிய ஜாதி. ஓடுகிற நாய்க்கு நீளமான லென்ஸ் தேவையில்லை. 100 எம்.எம். சுமாருக்கு வைத்துக்கொண்டு நாம் கூடவே திரும்பினால் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை நாயும் வெள்ளைக் கொக்கும் படம் முழுக்க நிறைந்தால் அழுக்காகத்தான் விழும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டிவைத்து எடுத்துப் பாருங்கள்.

இனி சாம்பல் அணில். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஒரு அணிலுக்காகவே 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அறிவித்தார்கள். 2021ல் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. அந்த அணில் தரையில் அதிகம் இறங்காது. கிளையோடு கிளை கோத்திருக்கும் மரங்களில்தான் அதன் போக்குவரத்து. கூடும் உயரத்தில், இலைச் செறிவில். வாலோடு சேர்த்தால் முக்கால் மீட்டர் நீளம் வரும். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் 300 எம்.எம்.முக்குப் படத்தின் அகலம் இரண்டு மீட்டர். அணில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். சுற்றிலும் மரம் தெரியும். அதுதான் நல்ல படம் என்பது என் கட்சி. எந்த மரத்தில், எந்தக் காயைத் தின்றுகொண்டிருந்தது என்று தெரியாமல், மீசை மயிர் மட்டும் துல்லியமாகத் தெரியும் படம் பாஸ்போர்ட் போட்டோதான்.

"300ல் சின்னதாகத்தான் தெரிகிறது, கிட்டே போகலாம்" என்று ஆரம்பித்தால் வினை. மரத்தைத் தட்டுவது, கை தட்டுவது, கல் விடுவது, பிஸ்கட் போட்டுக் கீழே இறக்குவது என்று ஒவ்வொன்றாக வரும். குட்டி இருக்கும் கூட்டுக்கு அடியில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் தாய் திரும்பி வராமல் அடுத்த மரத்திலேயே காத்துக் கிடக்கும். நமக்கு அது ஒரு படம். அதற்கு அது ஒரு நாளைய பாடு. டெலி லென்ஸை மனிதன் கண்டுபிடித்தது தள்ளி நிற்பதற்காக. அதை வாங்கி வைத்துக்கொண்டும் கிட்டே போவதென்றால் காசு எதற்கு?

இங்கே பெரிய லென்ஸ்காரர்கள் ஒரு நியாயமான வாதம் வைப்பார்கள். 600 இருந்தால் இன்னும் தள்ளி நிற்கலாமே, அணிலுக்கு இன்னும் நிம்மதிதானே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் நான் பார்த்த வரை 600 வைத்திருப்பவர் ஐம்பது மீட்டரில் நிற்பதில்லை. அவரும் இருபத்தைந்துக்கே வந்து, கண் இமையை எடுக்கப் பார்க்கிறார். ஆசைக்கு எம்.எம். கிடையாது. தள்ளி நிற்கும் குணம் உள்ளவருக்கு 300 போதும், இல்லாதவருக்கு 600ம் போதாது.

எம். கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1950லிருந்து 1996ல் காலமாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பை நம்மில் சிலர் படித்திருப்போம். ஒரு கம்பெனியின் கேமராவையும் இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸையும் தானே பொருத்தி வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஸ்டெபிலைசேஷன் இல்லை, எடுத்த உடனே திரையில் பார்க்கும் வசதி இல்லை. அந்தப் படங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் கருவி அல்ல. எந்த மிருகம் எப்போது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வரும் வரை உட்கார்ந்திருக்கவும் தெரிந்திருந்தது.

உட்கார்ந்திருப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. உத்தியோகத்தில் இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அவன் அவசரத்துக்கு 600 தேவைப்படலாம். நமக்குத் திங்கள், செவ்வாய் எல்லாம் ஞாயிறுதான். தெரிந்தவர் மாந்தோப்பில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் காப்பி, ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று. அசையாமல் ஒரு மணி நேரம் இருந்தால் ஓடி ஒளிந்த ஜீவன்கள் தாமாகவே வேலையைப் பார்க்கத் திரும்பி வரும். மோனோபாட் எனப்படும் அந்த ஒற்றைக்கால் ஸ்டாண்ட் நம் கைக்குப் பெரிய உதவி. நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும்.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் போனால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் ஜனங்கள் அவற்றைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே 200க்கு மேல் வைத்தால் பறவை படத்துக்குள் அடங்காது. பறவை நம் பக்கத்தில் வந்தது லென்ஸால் அல்ல, அந்த ஊர்க்காரர்களால்.

பத்தில் எட்டு என்று சொன்னேன். மீதி இரண்டு பேர் யார்? ஒருவர், கண்மாயின் நடுவில் இருக்கும் பறவை எந்த இனம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர். 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் கலந்துகொள்பவருக்கு அழகான படம் தேவையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். அவருக்கும் 600 லென்ஸ் தேவையில்லை. லென்ஸ் மாற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள நிக்கான் பி950 போன்ற ஒரே துண்டுக் கேமரா போதும். 2000 எம்.எம். என்று விளம்பரம் செய்வார்கள். உண்மையான குவியத் தூரம் 357தான். சென்சார் மிகச் சிறியது, நம் கேமரா சென்சாரின் பரப்பில் சுமார் 13ல் ஒரு பங்கு, அதனால் அப்படித் தெரிகிறது. நல்ல வெயிலில் ஒழுங்காக எடுக்கும். நிழலில் திணறும். கிலோவுக்கு அதிகம் இல்லை. மற்றொருவர், உடம்பில் தெம்பும், கையில் காசும், வாரத்தில் நாலு நாள் காட்டோரம் போகும் பழக்கமும் உள்ளவர். அவர் 150-600 தாராளமாக வாங்கட்டும். அவர் படங்களைப் பார்க்க நான் முதல் ஆளாக வருவேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். உங்கள் கேமராவையே கையோடு கொண்டுபோய் லென்ஸை மாட்டிப் பாருங்கள். நிக்கான் டி3100 போன்ற பழைய கேமராக்களில் புதிய ஏஎஃப்-பி லென்ஸ் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. மிகப் பழைய லென்ஸ்களில் மோட்டாரே இருக்காது. "மாட்டிக்கொள்ளும்" என்பதும் "வேலை செய்யும்" என்பதும் ஒன்றல்ல. விலை மலிவு என்று யாராவது தந்தால், இந்திய வாரண்டி உண்டா, பில் உண்டா என்று கேளுங்கள். பில் இல்லாத சாமான் நாளைக்கு ரிப்பேருக்குப் போனால் அனாதை. பழைய லென்ஸ் வாங்கினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி தெரியும். நம்மிடம் வந்த பிறகும் தோல் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பாச்சை உருண்டை பக்கத்திலேயே வேண்டாம். கேமராவில் கண் வைக்கும் இடத்துக்கு அருகே ஒரு சின்னத் திருகு இருக்கும். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் அதைத் திருப்பித் தங்கள் பார்வைக்குச் சரி செய்துகொண்டால், "லென்ஸ் மங்கல்" என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும்.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? காட்டுக்கும் கண்மாய்க்கும் போய்வரும் வண்டிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படங்களைப் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கத்தில் தேதி, இடம், மரத்தின் பெயர் எழுதுங்கள். அணில் இருந்த தோப்பு எது, எந்த வருஷம் வரை இருந்தது, கண்மாயில் எந்த மாதம் நாரை வந்தது என்று நாளைக்கு யாராவது தேடி வரும்போது, 600ல் எடுத்ததா 300ல் எடுத்ததா என்று கேட்க மாட்டார்கள். தேதி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதைக் கோப்பில் குறித்து வைப்பது நமக்குத் தெரிந்த வேலைதானே.